சிறுவாட்டுக் காசும் ஐ.ஆர்.ஏ. கணக்கும்

என் பெயரில், என் ஒருத்தியின் பெயரில் மட்டும், ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கியபோது எனக்கு 31 வயது. 2015 மார்ச் மாதம். நியூஜெர்சியின் எடிசனில் அப்போது நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, குக்கர் விசிலை எண்ணியபடியே விண்ணப்பத்தை நிரப்பினேன். "கணக்கின் உரிமையாளர்" என்ற கட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு, இரண்டாவது பெயருக்கான கட்டத்தைத் தேடினேன். பழக்கதோஷம். வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் காப்பீடு என்று எதிலுமே அதுவரை என் பெயர் இரண்டாவதாகத்தான் இருந்தது. இந்த விண்ணப்பத்தில் இரண்டாவது கட்டமே இல்லை. ஐ.ஆர்.ஏ. என்பது அமெரிக்காவில் ஒருவர் தன் முதுமைக்காகத் தன் பெயரில் சேர்த்து வைக்கும் ஓய்வுக்காலக் கணக்கு. அதில் கூட்டுக் கணக்கு கிடையாது. கணவன் மனைவியாகவே இருந்தாலும் அவரவர் கணக்கு அவரவருக்கு.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் என் அப்பாயி துவரம்பருப்பு டப்பாவின் அடியில் சிறுவாடு வைத்திருந்தார். பால் ஊற்றிய காசு, முருங்கைக்காய் விற்ற காசு, அண்ணன் வீட்டுச் சீர் வந்தால் அதில் ஒரு பங்கு. தாத்தாவுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒருநாளும் அந்த டப்பாவைத் தொட்டதில்லை. அப்பாவை பாலிடெக்னிக்கில் சேர்க்கப் பணம் குறைந்தபோது, பருப்பு வாசத்தோடு அந்த டப்பாவிலிருந்துதான் நோட்டுகள் வெளியே வந்தன என்று அத்தை சொல்லியிருக்கிறார். சமையல் மேடையில் அந்த விண்ணப்பத்தை அனுப்பிய நிமிடத்தில் எனக்கு அந்த டப்பாதான் நினைவுக்கு வந்தது.

2009 ஜனவரியில் எச்-4 விசாவில் இங்கே வந்தேன். எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவிக்குத் தரும் விசா அது. அன்றைய நிலையில் வேலை செய்ய அனுமதி இல்லை. சமூகப் பாதுகாப்பு எண்ணும் இல்லை. வருமானம் இல்லாதவருக்கு ஓய்வுக்காலக் கணக்கு எதற்கு என்று நானும் நினைத்தேன், என் கணவரும் நினைத்தார், எங்களுக்குத் தெரிந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான் நினைத்தன. அது தவறு. ஆறு வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

தெரிந்த விதம் இது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல், 2014 குளிர்காலத்தில் 'வீட்டா' என்ற இலவச வரி உதவித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வரிக் கணக்கைக் கட்டணமின்றித் தாக்கல் செய்து கொடுக்க, அமெரிக்க வருவாய்த் துறையான ஐ.ஆர்.எஸ். 1969 முதல் நடத்திவரும் திட்டம். பயிற்சிக்காகப் படிக்கும்போது 590-ஏ என்ற வெளியீட்டைப் புரட்டினேன். ஐ.ஆர்.ஏ.வில் பணம் போடுவது பற்றி 590-ஏ, எடுப்பது பற்றி 590-பி. அந்த 590-ஏவில் ஒரு தலைப்பில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது: கே பெய்லி ஹட்சிசன். வரித்துறை வெளியீட்டில் மனிதர் பெயர் எதற்கு என்று படித்துப் பார்த்தேன். கணவன் மனைவி சேர்ந்து ஒரே வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், இருவரில் ஒருவருக்கு மட்டுமே சம்பளம் இருந்தாலும், மற்றவர் பெயரிலும் ஐ.ஆர்.ஏ. தொடங்கி முழு வரம்பு வரை போடலாம் என்று அங்கே எழுதியிருந்தது.

ஹட்சிசன் டெக்சாஸ் மாநிலத்தின் செனட்டராக இருந்தவர். அவரும் மேரிலாந்து செனட்டர் பார்பரா மிகல்ஸ்கியும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் சேர்ந்து நின்றார்கள். அதற்கு முன்பு, வேலைக்குப் போகும் ஒருவர் 2,000 டாலர் போடலாம் என்றால், வீட்டில் இருக்கும் மனைவிக்காகக் கூடுதலாக 250 டாலர்தான் போட முடியும். 1996இல் வந்த சட்டம் அதை மாற்றி, வீட்டில் இருப்பவருக்கும் முழு 2,000 டாலர் என்று ஆக்கியது. 2013இல் அந்தப் பிரிவுக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். வீட்டு வேலை செய்கிறவளின் முதுமைக்கு 250 டாலர் போதும் என்று ஒரு சட்டம் 1996 வரை இருந்தது என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சட்டம் மாறிப் பன்னிரண்டு வருடம் கழித்து நான் இந்த நாட்டுக்கு வந்தும் அது எனக்குத் தெரியாமல் போனதே என்று அதைவிடக் கோபம் வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2009 முதல் 2012 வரை ஆண்டு வரம்பு 5,000 டாலர். 2013இல் 5,500. மொத்தம் 25,500 டாலர் போட்டிருக்கலாம். அந்த வாய்ப்பு போனது போனதுதான். இந்த ஆண்டு விட்டதை அடுத்த ஆண்டு சேர்த்துப் போட முடியாது. ஐ.ஆர்.ஏ. விதிகளில் நான் மிகவும் கொடுமையாக நினைப்பது இதைத்தான். ஆனால் இன்னொரு விதி என்னைக் காப்பாற்றியது. ஓர் ஆண்டுக்கான பணத்தை மறு ஆண்டு ஏப்ரல் 15 வரை போடலாம். நான் அந்தப் பக்கத்தைப் படித்தது பிப்ரவரியில். 2014ஆம் ஆண்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

கணக்குத் தொடங்குவதும் எளிதாக இல்லை. என்னிடம் இருந்தது வரி செலுத்துவோர் அடையாள எண்தான்; ஐடின் என்பார்கள். முதலில் கேட்ட நிறுவனம் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் முடியாது என்று மறுத்துவிட்டது. இரண்டாவது நிறுவனம் ஐடினை ஏற்றுக்கொண்டது. சட்டம் தடுக்கவில்லை, நிறுவனங்கள்தான் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. இப்போது எச்-4இல் இருக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், ஒரே இடத்தில் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். அதே 2015 மே மாதம் எச்-4இல் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தது. நானும் வேலைக்குப் போனேன். அனுமதி கிடைக்காத பெண்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பணத்தைப் போட்டுவிட்டு நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். 5,500 டாலர் கணக்கில் ஏறியதும் என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து வேறு எதற்கோ உள்ளே போய்ப் பார்த்தால், அதே 5,500 டாலரும் சில காசுகளும் இருந்தன. ஐ.ஆர்.ஏ. என்பது பாத்திரம், பண்டம் அல்ல. அதற்குள் போட்ட பணத்தைக் கொண்டு நாமே ஏதாவது வாங்க வேண்டும்: பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டோ, கடன் பத்திரமோ, வங்கி வைப்போ. வைப்பு நிதியும் வருங்கால வைப்பு நிதியும் பார்த்து வளர்ந்த நமக்கு, போட்ட பணம் தானே வட்டி ஈட்டும் என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. இங்கே அப்படி இல்லை. வரி மேசையில் நான் யாரிடம் பேசினாலும் "போட்டீர்களா?" என்று கேட்டதோடு நிறுத்துவதில்லை. "போட்டதை எதில் வைத்தீர்கள்?" என்றும் கேட்கிறேன். விழிப்பவர்கள் நிறைய.

இந்தக் கணக்கு ஏன் வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1963 டிசம்பரில் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் இருந்த ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரை இருந்த சுமார் 4,000 தொழிலாளர்களுக்கு, சேர வேண்டியதில் 15 சதவீதம்தான் கிடைத்தது. அவர்களைவிட இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அதிலிருந்து தொடங்கிய விவாதம் பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1974 செப்டம்பர் 2 அன்று, எரிசா என்ற சட்டமாக அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் கையெழுத்தில் முடிந்தது. நிறுவன ஓய்வூதியங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த அதே சட்டம், நிறுவனத்தில் ஓய்வூதியமே இல்லாதவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்ள ஆண்டுக்கு 1,500 டாலர் வரம்போடு ஐ.ஆர்.ஏ.வையும் தந்தது. முதலாளியின் நிதியை நம்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு வந்த கணக்கு இது. 1981இல் எல்லா ஊழியர்களுக்கும் திறந்துவிட்டார்கள். 1986இல், நிறுவன ஓய்வூதியத் திட்டமும் கூடிய வருமானமும் உள்ளவர்களுக்கு வரிக்கழிவை, அதாவது போட்ட பணத்தை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையை, நிறுத்தினார்கள். 1997இல் டெலவேர் செனட்டர் வில்லியம் ரோத்தின் பெயரால் இரண்டாவது வகை பிறந்தது. 1998 முதல் அது நடப்பில் இருக்கிறது.

ஆக, வகை இரண்டு. டிரடிஷனல் ஐ.ஆர்.ஏ.வில் போடும் பணத்துக்கு இந்த ஆண்டு வரி இல்லை; முதுமையில் எடுக்கும்போது முழுவதற்கும் வரி. ரோத்தில் வரி கட்டிய பணத்தைத்தான் போட வேண்டும். முதுமையில் எடுக்கும்போது முதலுக்கும் வளர்ச்சிக்கும் வரி இல்லை. எது லாபம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சம்பளத்தில் 1,000 டாலர் இருக்கிறது, வரி 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டிரடிஷனலில் 1,000 முழுதாகப் போகிறது. நான்கு மடங்காகி 4,000 ஆகிறது. எடுக்கும்போதும் 22 சதவீதம் வரி என்றால் கையில் 3,120. ரோத்தில் வரி போக 780 போகிறது. நான்கு மடங்காகி 3,120. இரண்டும் ஒன்றே! வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், இன்றைய வரி விகிதத்துக்கும் அன்றைய வரி விகிதத்துக்கும் இடையில்தான். இன்று சம்பளம் குறைவு, பின்னால் கூடும் என்றால் ரோத். இன்று உச்சத்தில் இருக்கிறோம், பின்னால் குறையும் என்றால் டிரடிஷனல். ரோத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. வரம்பு இரண்டுக்கும் ஒரே எண்தான். ஆனால் ரோத்தில் இருக்கும் 7,000 டாலர் முழுக்க நம்முடையது, டிரடிஷனலில் இருக்கும் 7,000 டாலரில் அரசுக்கும் பங்கு இருக்கிறது.

2025ஆம் ஆண்டுக்கான வரம்பு 7,000 டாலர். 50 வயது நிறைந்தவர்களுக்கு 8,000. 2026க்கு 7,500, 50 நிறைந்தவர்களுக்கு 8,600. இரண்டு வகையிலும் கணக்கு வைத்திருந்தால் சேர்த்துத்தான் இந்த வரம்பு. அலுவலகத்தில், சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் 401கே என்ற ஓய்வுக்காலத் திட்டம் இருப்பவர்கள் டிரடிஷனலில் போட்டதற்கு வரிக்கழிவு பெறுவது 2025இல் தம்பதியருக்கு 1,26,000 டாலர் வருமானத்திலிருந்து குறையத் தொடங்கி 1,46,000இல் நின்றுவிடும். ரோத்தில் நேரடியாகப் போடும் தகுதி தம்பதியருக்கு 2,36,000இலிருந்து குறைந்து 2,46,000இல் முடியும். நியூஜெர்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நம் மாநிலம் டிரடிஷனல் ஐ.ஆர்.ஏ.வுக்கு வரிக்கழிவு தருவதில்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு போட்டோம் என்ற குறிப்பை ஒரு கோப்பில் வைத்திருங்கள். எடுக்கும் காலத்தில் அந்த முதலுக்கு மாநில வரியை இரண்டாம் முறை கட்டாமல் இருக்க அந்தக் கோப்பு வேண்டும்.

இனி நான் உண்மையில் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன். ஐ.ஆர்.ஏ. என்றாலே மென்பொருள் சம்பளக்காரர்கள் சமாசாரம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இல்லை. இந்தச் சட்டத்தில் மிகப் பெரிய சலுகை சம்பளம் குறைந்தவர்களுக்குத்தான் இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது தெரிவதே இல்லை.

2025 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. நூலகத்தின் பின்னறையில் எங்கள் மேசைகள். ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். ஆள் தெரியாமல் இருக்க அவர்கள் தொழிலையும் ஊரையும் மாற்றிச் சொல்கிறேன். எண்களை முழு எண்ணாக்கியிருக்கிறேன். அவர் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் வண்டிக்காரர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் விடுவதில்லை. அதனால் இங்கே அந்த வேலை இன்னும் இருக்கிறது. அந்த அம்மாள் ஒரு பள்ளிச் சமையலறையில். பிள்ளைகள் வளர்ந்து தனியே போய்விட்டார்கள். இருவர் சம்பளமும் சேர்த்து 47,200 டாலர். நிலையான கழிவு 29,200 போக, வரிக்குரியது 18,000. வரி சுமார் 1,800.

அவர் தாள்களை எடுத்து வைத்த விதத்தை மறக்க முடியாது. ரப்பர் பேண்டு போட்ட ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் சம்பளப் படிவம், வங்கியின் வட்டித் தாள், மடித்து மடித்து நைந்த சமூகப் பாதுகாப்பு அட்டை. ஒவ்வொன்றையும் மேசைமேல் வைத்துவிட்டு விரலால் தேய்த்து மடிப்பைச் சரிசெய்தார். "சரியாக இருக்கிறதாம்மா?" என்று ஒவ்வொரு தாளுக்கும் கேட்டார்.

சேமிப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மாள்தான் பதில் சொன்னார். வங்கியில் 5,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக, அவசரத்துக்கு. அதில் 2,000 டாலரை ஓய்வுக்காலக் கணக்கில் போட மனம் வருமா என்று கேட்டுவிட்டு, திரையில் அந்த எண்ணைப் போட்டுக் காட்டினேன். ஆளுக்கு 1,000, டிரடிஷனல் ஐ.ஆர்.ஏ. அவர்கள் வருமானம் 45,200 ஆகக் குறைந்தது. வரி 1,800இலிருந்து 1,600 ஆனது. அதோடு நிற்கவில்லை. சேமிப்பவர்களுக்கான வரிச் சலுகை ஒன்று இருக்கிறது, படிவம் 8880. 2024ஆம் ஆண்டுக்கு, தம்பதியரின் வருமானம் 46,000 டாலருக்குள் இருந்தால், போட்ட பணத்தில் 50 சதவீதத்தை வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். 46,000க்கு மேலே போனால் 20 சதவீதம்தான். ஐ.ஆர்.ஏ.வில் போட்டதே அவர்கள் வருமானத்தை 46,000க்குக் கீழே இறக்கிவிட்டது. 2,000இல் பாதி, 1,000 டாலர் கழிந்தது. வரி 600. அதாவது, தங்கள் முதுமைக்குத் தாங்களே 2,000 டாலர் எடுத்து வைத்ததற்கு அரசு அவர்களுக்கு 1,200 டாலர் விட்டுக்கொடுத்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, போன வருடக் கணக்கை இந்த வருடம் எப்படி மாற்ற முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. டிசம்பர் 31 தாண்டிவிட்டால் பெரும்பாலான கதவுகள் அடைபட்டுவிடும். ஏப்ரல் 15 வரை திறந்திருப்பவை மிகச் சில. அதில் இது ஒன்று. ஆனால் பணம் போடும்போது எந்த ஆண்டுக்கு என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் நடப்பு ஆண்டில் வரவு வைத்துவிடுவார்கள். தாக்கல் செய்ய அவகாசம் வாங்கினாலும் இந்தத் தேதி நகராது. அந்த அம்மாள் கேட்டது வேறு: "என் பெயரில் தனியாகவா?" ஆமாம் என்றேன். தனியாகத்தான், கூட்டாக முடியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதுவரை பார்க்காத திரையைப் பக்கத்தில் வந்து பார்த்தார். இரண்டு வாரம் கழித்து இருவரும் பணம் போட்ட ரசீதோடு வந்தார்கள். கணக்கைத் தாக்கல் செய்தோம்.

2027 முதல் இந்தச் சலுகை வடிவம் மாறுகிறது. 2022 டிசம்பரில் நிறைவேறிய செக்யூர் 2.0 சட்டத்தின்படி, வரியில் கழிப்பதற்குப் பதிலாக, போட்ட 2,000 டாலர் வரைக்கும் பாதியை அரசே ஓய்வுக்காலக் கணக்கில் செலுத்தும். வரியே கட்ட வேண்டியிராத ஏழைகளுக்குப் பழைய முறையில் பயனில்லை. கழிக்க வரி இருந்தால்தானே கழிக்க முடியும்? இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

வருமானம் கூடியவர்களின் சிக்கலுக்கு ஒரு பத்தி போதும். ரோத் வரம்பைத் தாண்டியவர்கள் டிரடிஷனலில் வரிக்கழிவு இல்லாமல் போட்டு, பிறகு அதை ரோத்தாக மாற்றிக்கொள்கிறார்கள். கொல்லைப்புற வழி என்று சொல்வார்கள். 2010 முதல் மாற்றிக்கொள்ள வருமான வரம்பு இல்லாததால் இது சட்டப்படி சரியே. ஆனால் பழைய 401கே பணத்தை ஏற்கெனவே டிரடிஷனல் ஐ.ஆர்.ஏ.வுக்குக் கொண்டுவந்திருந்தால் கவனம் வேண்டும். வரி கட்டாத 63,000 டாலர் அங்கே இருக்கிறது, வரி கட்டிய 7,000 டாலரைப் புதிதாகப் போட்டு அந்த 7,000ஐ மட்டும் மாற்றுகிறேன் என்றால் வரித்துறை ஒப்புக்கொள்ளாது. பாலும் தண்ணீரும் கலந்துவிட்டன. பிரித்தெடுக்க அன்னப்பறவை இல்லை. மொத்தம் 70,000இல் பத்தில் ஒரு பங்குதான் வரி கட்டிய பணம் என்பதால், மாற்றும் 7,000இல் 6,300க்கு வரி கட்ட வேண்டும். டிசம்பர் 31 அன்று உங்கள் டிரடிஷனல் கணக்குகள் அனைத்திலும் இருக்கும் தொகையைச் சேர்த்துத்தான் இந்த விகிதம். கணவன் கணக்கும் மனைவி கணக்கும் தனித்தனி. ஒருவருடைய பழைய பணம் மற்றவரைப் பாதிக்காது. வரி கட்டிப் போட்ட பணத்துக்குக் கணக்குக் காட்டும் படிவம் 8606ஐ ஒவ்வோர் ஆண்டும் தாக்கல் செய்து, நகலைத் தொலைக்காமல் வையுங்கள்.

எடுப்பது பற்றிய விதிகளில் எல்லோருக்கும் தெரிந்தது ஐம்பத்தொன்பதரை வயது. அதற்கு முன் எடுத்தால் வரியோடு 10 சதவீத அபராதம். விலக்குகள் உண்டு: முதல் வீடு வாங்க வாழ்நாளில் 10,000 டாலர், கல்லூரிச் செலவு, உடல் ஊனம், குழந்தைப் பேறுக்கு 5,000 டாலர் என்று சில. பலருக்குத் தெரியாதது, ரோத்தில் நாம் போட்ட முதலை மட்டும் எந்த வயதிலும் வரியோ அபராதமோ இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது. வளர்ச்சியைத்தான் தொடக்கூடாது. வேலை போனால் என்ன செய்வது என்று பயந்து சேமிக்காமல் இருக்கும் இளைஞர்களுக்கு நான் ரோத்தைச் சொல்வது இதனால்தான்.

வேலை போவதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்-1பியில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். 401கே பணத்தைக் காசோலையாகக் கையில் வாங்கினால், அதை ஐ.ஆர்.ஏ.வில் போடவும் 60 நாள்தான் அவகாசம். காசோலையில் 20 சதவீதத்தை வரிக்குப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்; அந்த 20 சதவீதத்தையும் நம் கையிலிருந்து சேர்த்துப் போட்டால்தான் முழுத் தொகையும் தப்பும். வீடு காலி செய்வதா, பிள்ளையின் பள்ளியை மாற்றுவதா, வேறு வேலை கிடைக்குமா என்று தவிக்கும் அதே இரண்டு மாதத்தில் இந்த நாள்களையும் யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? காசோலையைக் கையில் வாங்காதீர்கள். நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு நேரடியாக மாற்றச் சொல்லுங்கள். அப்போது பிடித்தமும் இல்லை, கெடுவும் இல்லை.

அடுத்து, நாமினி. எனக்குத் தெரிந்த ஒரு பெண், 40 வயது, கணவரைத் திடீரென்று இழந்தார். கணவர் திருமணத்துக்கு முன்பே தொடங்கியிருந்த ஐ.ஆர்.ஏ.வில் நாமினியாக அவருடைய தம்பியின் பெயர் இருந்தது. திருமணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. 401கே என்றால் எரிசா சட்டப்படி மனைவிதான் முதல் உரிமைக்காரர். அவர் கையெழுத்து இல்லாமல் வேறு பெயர் போட முடியாது. ஐ.ஆர்.ஏ.வுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற, சொத்தில் கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை தரும் மாநிலங்களில் நிலைமை வேறு. நியூஜெர்சி அந்தப் பட்டியலில் இல்லை. உயில் எழுதியிருந்தாலும் படிவத்தில் இருக்கும் பெயருக்குத்தான் பணம் போகும். அந்தத் தம்பி நல்லவர்; அண்ணியின் கையைப் பிடித்து அழுதார். ஆனாலும் மனைவிக்கு வந்திருந்தால் அவர் அதைத் தன் சொந்த ஐ.ஆர்.ஏ.வாகவே ஆக்கிக்கொண்டு காலம் முழுதும் வைத்திருக்கலாம். தம்பிக்குப் போனதால் அவர் அதைத் தன் சொந்தக் கணக்காக ஆக்கிக்கொள்ள முடியாது, எடுக்கும் பணத்துக்கு வரியும் அவர் கட்ட வேண்டும். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் உங்கள் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கும் சில. திரும்பினாலும் கணக்கை மூட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் கணக்குக்குள் வளரும் தொகைக்கு இந்தியாவில் வரி கட்ட வேண்டிய சங்கடத்தைத் தீர்க்க, 2021இல் இந்திய வருமான வரிச் சட்டத்தில் 89ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளின் ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு, படிவம் 10-ஈஈ தாக்கல் செய்தால், எடுக்கும்போதுதான் வரி. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு, படிவ எண்கள் வேறு. உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'எடுக்கும்போது அந்த நாட்டில் வரிக்குரியது' என்பதுதான் அந்தப் பிரிவின் சொற்கள். ரோத்தில் எடுக்கும்போது அமெரிக்காவில் வரியே இல்லை என்பதால் ரோத்தை அதற்குள் பொருத்துவது கடினம். திரும்புவது உறுதி என்று தெரிந்தவர்கள் ரோத்தில் நிறையக் குவிப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். இன்னொன்று, அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் இந்தியாவில் வாழ்ந்து காலமானால், அமெரிக்காவில் இருக்கும் சொத்தில் 60,000 டாலர் வரைதான் எஸ்டேட் வரியிலிருந்து, அதாவது இறந்தவர் சொத்தின் மீது போடும் வரியிலிருந்து, விலக்கு. இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தமும் இல்லை.

73 வயதில் டிரடிஷனல் கணக்கிலிருந்து கட்டாயம் எடுக்கத் தொடங்க வேண்டும். 1960க்கும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு 75. எனக்கு அதற்கு இன்னும் 33 வருடம் இருக்கிறது.

சென்ற கோடையில் என் மகள் ஓர் ஐஸ்கிரீம் கடையில் வாரத்தில் மூன்று மாலை வேலை பார்த்தாள். அப்போது அவளுக்கு 15 வயது. ஜனவரியில் அவள் பெயருக்குச் சம்பளப் படிவம் வந்தது: 1,870 டாலர். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை. உள்ளே போகும்போதும் வரி இல்லை, வெளியே வரும்போதும் வரி இல்லை என்ற நிலை வாழ்க்கையில் இந்த வயதில் மட்டும்தான் ரோத்துக்கு வாய்க்கும். வயது வராதவர் என்பதால் நான் காப்பாளராக இருந்து, அவள் பெயரில் கணக்குத் தொடங்கினோம். சம்பாதித்த தொகைக்கு மேல் போடக் கூடாது. ஆனால் அந்தப் பணம் அவள் கையிலிருந்தே வர வேண்டும் என்று விதி இல்லை. அவள் 900 தந்தாள், மீதி 970ஐ நான் சேர்த்தேன்.

சமையல் மேடை இப்போது வேறு. மடிக்கணினி முன்னால் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். "இரண்டாவது பெயர் எங்கே போடுவது?" என்று கேட்கவில்லை, அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆண்டு என்ற கட்டத்தில் 2026 என்று தானே வந்து நின்றது. அதை 2025 என்று மாற்றச் சொன்னேன். மாற்றினாள். பிறகு, பணத்தை எதில் போடுவது என்று அவளே கேட்டாள்.